அறுபது மைல்

மே 3, சனி
மணிக்கு 57.8 மைல். ரஸ் பிடித்திருந்த ரேடார் கருவி காட்டியது. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, இரண்டின் சராசரி. இந்தச் சிறிய இன்ஜினில் எங்கள் ரிமோட் பொம்மைப் படகு கிளப்பில் யாரும் அறுபதைத் தொட்டதில்லை.

"இன்னும் ரெண்டு மைலு, ஆர்லீன். அதுக்குள்ள நமக்கெல்லாம் வயசாயிடும்," என்றார் ரஸ்.

"உனக்கு எப்பவோ ஆயிடுச்சு," என்றார் என் கணவர் டெல்மர். சிரிப்பு இருமலில் முடிந்தது. மார்ச்சிலிருந்து இந்த இருமல்.

மே 7, புதன்
படகின் பின்பலகையில் இன்ஜினை மெல்லிய தகடு அளவு உயர்த்தினேன். இழுவை குறைந்தது, ஆனால் மூக்கு தூக்குகிறது. சாய்வைச் சரிசெய்ய வேண்டும். மாலை முழுக்கச் சமையலறை மேசையில் புதுச் செம்பு ப்ரொப்பெல்லரின் இதழ்களை அரத்தால் தேய்த்து மெலிதாக்கினேன். டெல்மர் தூளைப் பெருக்கி, என் ஏப்ரனை உதறிவிட்டு, அதே மேசையில் ஆப்பிள் பை சுட மாவு தேய்த்தார்.

மே 10, சனி
கரையில் ரிமோட்டோடு நிற்கும்போது, பந்தயத்தில் என் கண் என் படகை விட்டு நகராது. மற்றவை எங்கே என்று தோளருகே நின்று டெல்மர் சொல்வார். மூன்றாம் சுற்றில், "வளைவுல நின்னுபோன படகு—" பிறகு வெறும் இருமல். வளைவின் உள்பக்கமா, வெளிப்பக்கமா? உள்ளே திருப்பினேன். மோதல். இடது மிதவை கிழிந்தது.

"என்னாலதான்," என்றார்.

மிதவையை ஒட்டிவிடலாம். அந்த இருமலை?

மே 15, வியாழன்
டெல்மரின் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல்கள். "வீட்ல யாராவது உலோக வேலை செய்யறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க. நான் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். இவ லைப்ரரில இருந்தா."

நானும் தலையாட்டினேன்.

மே 17, சனி
60.4. ரஸ்ஸின் கருவி, சாட்சிக்கு இரண்டு பேர். டெல்மர் காரிலேயே இருந்தார், கரைவரை நடக்க மூச்சில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

மே 18, ஞாயிறு
ரஸ் வீட்டுக் கொட்டகை. முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டு ப்ரொப்பெல்லர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ரஸ், மீன் கழுவறியா?"

"நீ பின்ன எப்படித் தேய்ப்ப?"

"மேசையில. சும்மா."

அரத்தைக் கீழே வைத்தார். "அது வெறும் செம்பில்ல, ஆர்லீன். பெரிலியம்ங்கிற உலோகம் கலந்தது. அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். சிலருக்கு ஒத்துக்காது... டெல்மருக்கு எப்போலேருந்து இருமல்?"

"மார்ச்லேருந்து," என்றேன். உலோக வேலையான்னு டாக்டர் கேட்டாரே, நானும் தலையாட்டினேனே — வேலைன்னு யாரு நினைச்சா இதை? விளையாட்டுதானே?

மே 19, திங்கள்
டாக்டரிடம் போனில் சொன்னேன். அந்தத் தூள் உடம்பைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். டெல்மரிடம் நேற்றிரவே சொல்லியிருந்தேன். மேசையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் உன் ஏப்ரனை நான்தான் உதறுனேன். துணி உதறுறது இவ்வளவு வீரமான வேலைன்னு ஒருத்தனும் சொல்லலியே."

நான் சிரிக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மே 24, சனி
செம்பு ப்ரொப்பெல்லர்கள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி ஒட்டி ரஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஒன்றை மாட்டி ஓட்டினேன். 51.6, நான்காவது இடம். டெல்மர் மடக்கு நாற்காலியில் என் பக்கத்தில். "உள்ள ஒண்ணு... இப்போ வெளிய... போ, போ, காலியா இருக்கு." இடையில் இருமலால் இரண்டு முறை பேச்சு நின்றது. இரண்டு முறையும் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு ஜூன் 5, வியாழக்கிழமை வரும் என்றார் செவிலியர். டெல்மருடையதும் என்னுடையதும்.