காளியப்பன் கழற்றிய கடையாணி

சேசுவுக்கே புகழ்

16-3-85

அன்பு மகன் ஸ்தனிஸ்லாசுக்கு அம்மா மிக்கேலம்மாள் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கை ராஜமேரியும் சுகமாக இருக்கிறோம், உன் அப்பாவும் காலைத் தவிர மற்றபடி சுகம்தான், அஸ்ஸாம் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொய் சொல்லாமல் எழுது. போன தடவை ஒரு வரியில் இருமல் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய், ஒரே நாளில் சரியாகிற இருமலை நான் பார்த்ததில்லை. ராஜமேரிக்குப் பரீட்சை நடக்கிறது, கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். மா இந்த வருசம் நன்றாகப் பூத்திருக்கிறது. அப்பாவுக்கு மாவுக்கட்டுப் பிரித்துவிட்டார்கள், ஆனால் முட்டி மடங்கவில்லை, தடி ஊன்றித்தான் நடக்கிறார், இனி வண்டியில் ஏறி உட்காரவோ ஏர் பிடிக்கவோ முடியாது என்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மயிலை மாட்டுக்கு முன்னங்கால் முறிந்ததால் அடிமாட்டுக்காரனிடம் பிடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று, அது லாரியில் ஏறும்போது நான் வூட்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன். செவலை ஜோடியில்லாமல் நிற்கிறது.

உன் ஆபீசர் கலெக்டருக்கு எழுதிய கடிதம் நல்ல வேலை செய்திருக்கிறது சாமி. நான் மூன்று திங்கட்கிழமை மனு நாளில் போய் வரிசையில் நின்று கொடுத்த மனுவுக்கு அசையாதவர்கள், பட்டாளத்து முத்திரை போட்ட ஒரு காகிதத்துக்கு அசைந்துவிட்டார்கள். கான்ஸ்டபிள் காளியப்பனை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை தர்மபுரியில் விசாரணை, நான்தான் சாட்சி, அவன் வேலை நிலைப்பதும் போவதும் அன்றைக்குத் தெரியும். அது போக வேண்டும் என்றுதான் நான் காத்திருக்கிறேன். நீ போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய், நானும் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன்தான், சக்கரத்தில் கடையாணி இல்லாததைப் பார்க்காமலா அப்பா வண்டியைக் கிளப்பினார் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்னே அழுதுகொண்டு எழுதியதில் எல்லாம் முன்பின்னாகிவிட்டது, ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

பொங்கல் கழிந்ததும் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஒரு போர்டு நட்டார்கள். சந்தை நாளில் மாட்டு வண்டி எதுவும் ரோட்டில் நிற்கக் கூடாது, சந்தை மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற வண்டிப்பேட்டையில்தான் நிறுத்த வேண்டும், மீறினால் அபராதம் என்று எழுதியிருந்தது. அந்தப் பேட்டையில் ஒரு மரம் கிடையாது, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கிடையாது, அங்கிருந்து மண்டிக்குப் புளி மூட்டையை யார் சுமப்பது என்று போர்டில் எழுதவில்லை. சேர்மன் மச்சானுடைய டிராக்டர் மட்டும் அந்தப் போர்டுக்கு அடியிலேயே நிழலுக்கு நிற்கும், அதை யாரும் கேட்பதில்லை. சைக்கிள் நின்றால் காளியப்பன் வால்வைப் பிடுங்குவான், கட்டை வண்டி நின்றால் சக்கரத்தின் கடையாணியைக் கழற்றிச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு போலீஸ் அவுட்போஸ்டுக்குப் போய்விடுவான். அபராதம் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். அபராதம் போடத்தான் சட்டம் இருக்கிறது, கடையாணியைக் கழற்ற எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று வக்கீல் குமாஸ்தா குப்புராஜ் எனக்குப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஆனால் இவன் கழற்றினான். ஊரில் உள்ளவர்களும் ஒரு குச்சியை ஒடித்து அச்சு ஓட்டையில் செருகிக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போய்விடுவார்கள், வூட்டுக்குப் போனால் வேறு ஆணி இருக்கிறது, அவுட்போஸ்டில் போய்க் கைகட்டி நிற்பதைவிட அது மேல் என்று எல்லாருக்கும் ஒரு ரோசம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் புளி மூட்டைகளை இறக்கப் புண்ணாக்குக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினோம். மண்டியில் எடை போட்டுவிட்டு வந்து பார்த்தால் இடது சக்கரத்தில் கடையாணி இல்லை. காளியப்பன் அங்கேயேதான் நின்றான். இதைத்தான் நான் உனக்கு எழுதவில்லை. அவன் என்னிடம் சொன்னான். "கடையாணி அவுட்போஸ்ட்ல இருக்குதுங்க, ஏட்டய்யா சாயங்காலம் வருவாரு, அதுவரைக்கும் வண்டிய எடுக்காதிங்க" என்றான். உன் அப்பாவும் இருந்து வாங்கிக்கொண்டே போகலாம் என்றார். நான்தான் இவனிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதற்கு நாம் என்ன களவாண்டுவிட்டா வந்தோம் என்று கேட்டேன், நான்தான் வேலியில் கருவேலங்குச்சியை ஒடித்தேன், நான்தான் கல்லால் அடித்துச் செருகினேன். அவர் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு அப்படிப் போன வண்டிகள் இன்னும் நாலைந்து இருக்கும், எல்லாம் நல்லபடியாக வூடு போய்ச் சேர்ந்தன. நம் வண்டிக்குத்தான் சந்தையைத் தாண்டியதுமே ஏரிக்கரை இறக்கத்தில் குச்சி முறிந்து சக்கரம் தனியாக ஓடியது. நான் பின்னால் இருந்ததால் குதித்துவிட்டேன். அவர் கால் ஏர்க்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, மயிலை நுகத்தோடு விழுந்து கிடந்தது.

இது வரைக்கும் கேட்டால் தப்பு நம்முடையதுதானே என்று நீ நினைப்பாய். இனிமேல் கேள். சத்தம் கேட்டு சந்தை ஜனம் ஓடி வந்தது, காளியப்பனும் சைக்கிளில் வந்து இறங்கினான். உன் அப்பா வண்டிக்கடியில் கிடக்கிறார், வலியில் வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. ஏரியூர் பஸ் பின்னால் வந்து ஆரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. அவன் விசிலை ஊதிவிட்டு, "மொதல்ல வண்டிய ஓரங்கட்டுங்கப்பா, பஸ்ஸு நிக்குது" என்றான். ஆளைத் தூக்குங்கள் என்று அவன் வாயில் வரவில்லை. வண்டியை இழுத்தபோதுதான் அவர் முட்டி நொறுங்கியது, டாக்டரும் அதைத்தான் சொன்னார். அதோடு விட்டானா, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, நடுரோட்டில் வண்டியை நிறுத்திப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததாகச் சீட்டு எழுதி என் கையில் திணித்தான். அந்தச் சீட்டு பெட்டியில் உன் ஞானஸ்நானச் சான்றிதழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் செய்தது மறந்துபோகுமோ என்று எனக்குப் பயமில்லை, ஆனாலும் தினம் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் நான் அவனை விடவில்லை. ஒவ்வொரு சந்தைக்கும் போய் அந்தப் போர்டுக்கு எதிரில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எந்த ஜீப் எவ்வளவு நேரம் நின்றது, எந்த டிராக்டருக்கு அவன் சலாம் போட்டான் என்று ராஜமேரியின் பழைய நோட்டில் எழுதினேன். அவன் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு நாள் அவன் சைக்கிளையே போர்டுக்கு அடியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். நான் இரண்டு வால்வையும் பிடுங்கி ஏரியில் போட்டேன். அவன் வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு உருண்டை களி தின்றேன், அந்த மாதத்தில் நான் வயிறாரத் தின்றது அன்றைக்குத்தான். இதைக் கேட்டு உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், உன் அப்பா சிரிக்கவில்லை.

முந்தாநாள் அவன் பெண்சாதி தீர்த்தம்மாள் வந்தாள். இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு, மூன்றும் பெண். அப்பாவின் காலுக்குத் தடவ ஏதோ எண்ணெய் காய்ச்சிக் கொண்டு வந்திருந்தாள். "அக்கா, சொல்லிட்டுத்தான் எடுத்தேன்னு அவரு சத்தியம் பண்றாருங்க. நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதுங்க, வேல நிக்கும்" என்று அழுதாள். பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தேன், அவளுக்குப் பதில் கொடுக்கவில்லை. அவள் போனதும் கட்டிலில் இருந்தபடியே உன் அப்பா, "அவன் சொன்னது நெசந்தான மிக்கேலு, உங்காதுலயும் வுழுந்துச்சு" என்றார். அவரை விசாரணைக்குக் கூட்டிப் போனால் அப்படியே சொல்லிவிடுவார், அதனால்தான் கால் நடக்காது, பஸ் ஏற முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் போகிறேன். தெரிந்தேதான் ஓட்டினீர்கள் என்றால் கேஸ் நிற்காது என்று குப்புராஜ் சொல்லியிருக்கிறார். ஆகவே அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எடுத்துப் போனான், நாங்கள் பார்க்கவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன். ஆளைத் தூக்காமல் வண்டியை இழுக்கச் சொன்னதற்கு இந்த ராஜ்ஜியத்தில் தண்டனை இல்லையாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். எதற்குத் தண்டனை உண்டோ அதைச் சொல்லித்தான் நான் வாங்கித் தர வேண்டியிருக்கிறது. குச்சியைச் செருகின கை என்னுடையதுதான், அதற்கு நான் தினமும் அவர் காலைப் பிடித்துவிடுகிறேன், பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பேன். அதற்காக அவனை விட முடியாது.

உன் ஆபீசர் உன்னைக் கேட்டால் அம்மா முன்னே எழுதியது அவ்வளவுதான் என்று சொல், நீ பொய் சொன்னதாக ஆகாது. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. லாரி எடுக்கும்போது இறங்கிச் சக்கரத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எடு, மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் பார். காதை மூடித் துணி கட்டிக்கொள், இருமலை அலட்சியமாக விடாதே. அன்னை மரியாள் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

பாஸ்குத் திருநாள் வருகிறது, அங்கே சாமியார் வரும்போது செய்த பாவத்தையெல்லாம் அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்க மறந்துவிடாதே. நானும் செய்வேன். வியாழக்கிழமை சாட்சி சொல்லிவிட்டு வந்து, வெள்ளிக்கிழமை போவேன்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
ம. மிக்கேலம்மாள்