மூத்தவர் துப்பாக்கிகளுக்கு முன்னால் போய் நின்றது

உலான்,

லக்மான் நூடுல்ஸில் ஊற்ற இறைச்சிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. மதியம் உன் அண்ணன் வந்ததும் நூடுல்ஸை மட்டும் வேகவை. நேற்றுப் போல் ஆறிய தேநீரை அவர் முன்னால் வைக்காதே.

சாப்பிட்டதும் இருவரும் மறுபடி அந்தக் கணினிப் போர் விளையாட்டில்தான் உட்காருவீர்கள். புதிதாக வருகிறவருக்கு முதலில் என்ன சொல்லித்தர வேண்டும்? அது பழங்காலத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் மறுபடி வெடிமருந்து இடிக்க நேரமாகும். அதனால்தான் வரிசையாக நின்று சேர்ந்து சுடுகிறோம். வரிசையைத் தாண்டி முன்னால் போகக்கூடாது. இதைக்கூடச் சொல்லவில்லையே நீ!

நேற்று அவர் நேராக எங்கள் துப்பாக்கிகளுக்கு முன்னால் போய் நின்றார். வரிசைக்குத் தலைவி நான். ஆனால் கணவனின் அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? "பெரியவரே, பின்னால வாங்க!" என்று கத்தினேன். யாரைச் சொல்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் சுட்டுவிட்டார்கள்.

உடனே நீ, "என் பொண்டாட்டி என் அண்ணனையே போட்டுத் தள்ளிட்டாடா!" என்று ஊர் கேட்கச் சிரிக்கிறாய். அவர் முகம் தொங்கிப்போய்க் கிளம்பினார்.

விளையாட்டில் அவருக்கு நான் கூப்பிடக்கூடிய பெயராக ஒன்று வை.

சாவி பக்கத்து வீட்டு குல்நாராவிடம்.

பெர்மெட்

பி.கு. உன் பெயரைச் சொல்லத் தடையில்லையே என்று "உலான், அண்ணனை இழு!" என்றும் கத்தினேன். பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு நீ திரும்பவேயில்லை. சாயங்காலம் நானும் வருவேன். வரிசைக்கு முன்னால் இன்று நீ நில். சுடச் சொல்லும்போது என் வாய் தடுமாறாது.