சிவப்பு வண்டியும் காணிப்பாக்கத்துச் சத்தியமும்

மே 12, திங்கள்

காலை ஏழு மணிக்கே அனல். சித்தூர் முழுக்க மாங்காய் டிராக்டர், நகர வழியில்லை. குவாரி வேலைக்கு ஷேர் ஆட்டோவில். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன் ஷேர் ஆட்டோவில்! எவனாவது சிரித்திருந்தால் அங்கேயே மூக்கை உடைத்திருப்பேன்.

சுமதி இன்னும் பிச்சாட்டூரில், அவள் அம்மா வீட்டில். தோள் எலும்பு முறிவு, கட்டு. இன்று போனை எடுத்தாள். கட்டிய புருஷன் கூப்பிட்டால் பெண்டாட்டி போனை எடுப்பதே பெரிய விஷயமாகிவிட்டது.

"உங்க கூட வண்டியில குந்தவே பயமா கீது."

"பிரேக் புடிக்கலடி. எத்தினி வாட்டி சொல்றது?"

"வண்டி நல்லாதான் கீதுன்னு ஷோரூம்காரன் எழுதிக் குட்த்துட்டானே. நீங்கதான் பறந்துகினு போய் இடிச்சீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் என்றால் அவள் அண்ணன். அந்த நாயைத்தான் முதலில் மிதிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். போன மாதம், பாக்கராப்பேட்டை மலையிறக்கம். பிரேக்கை மிதித்தேன், இறங்கவில்லை. கல்லை மிதித்தது போல. இரண்டு காலாலும் மிதித்தேன். சுமதி கத்தினாள். பள்ளத்துக்குப் போகாமல் பாறையில் உரசவிட்டு நிறுத்தினேன். அவள் பக்கத்துக் கதவு உள்ளே வந்துவிட்டது. மடியெல்லாம் கண்ணாடித் தூள். அந்த வளைவில் எவனடா பறப்பான்?

மே 14, புதன்

திருப்பதி ஷோரூம். ஏ.சி. குளிர். காபி வைத்தார்கள், தொடவில்லை. சர்வீஸ் மேனேஜர் சுதாகர், தெலுங்குக்காரன், தமிழும் பேசுவான். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான்.

"ஏமி லேது சார். ஸ்கேனர்ல ஒரு கோளாறும் காட்டல. கதவு மாத்தினப்புறம் நாங்களே ஓட்டிப் பார்த்தோம்."

"எங்க ஓட்டின?"

"மலையடிவாரம், அலிபிரி வரைக்கும் சார். காலையில."

காலை நேரம், நேர் ரோடு, சூடேறாத வண்டி. இறக்கத்தில் சூடானால்தானே கழுத்தை அறுக்கிறது! மலைக்கு என்னோடு வா, பக்கத்தில் உட்கார் என்றேன். கம்பெனி அனுமதி இல்லையாம். காபிக் கோப்பையைச் சுவரில் வீசினேன். அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன். செக்யூரிட்டிகள் ஓடி வந்தார்கள். எனக்கு உதடு கிழிந்தது. ஒருத்தனுக்குப் பல் ஆடியிருக்கும். ஆடட்டும்.

வாசல் வரை இழுத்துப் போனார்கள். அங்கிருந்து கத்தினேன்: "வண்டியில கோளாறு இல்லன்னு காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணுடா!"

ஷோரூமே அடங்கிப்போனது. குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அந்தப் பிள்ளையார் முன்னால் பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாரும் சுதாகரையே பார்த்தார்கள். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வரேன் சார்" என்றான்.

மே 16, வெள்ளி

உதடு வீக்கம். குழம்பு பட்டால் உயிர் போகிறது. தயிர்சாதம்.

இதே வண்டி வைத்திருக்கும் வேலூர் டாக்டர் வாட்ஸ்அப்பில் பேசினார். அவருக்கும் இறக்கத்தில் பிரேக் கல்லாகியிருக்கிறது. கம்பெனியிடமிருந்து அவருக்கும் அதே பதில். கேட்கக் கேட்கக் கை அரித்தது.

சுமதியிடம் சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன்.  அவள் சொன்னாள்: "அந்தாளு வாயால கோளாறு கீதுன்னு சொல்லட்டும். அன்னிக்கே உங்க கூட வீட்டுக்கு வந்துடறேன்."

போதும். எனக்கு அது போதும்.

ஞாயிறுக்கு: வேட்டி, துண்டு, சத்தியத்துக்குக் கோயில் சீட்டு, போனில் சார்ஜ்.

மே 18, ஞாயிறு

கை வீங்கியிருக்கிறது. எழுத்து கோணல்.

காணிப்பாக்கத்தில் நல்ல கூட்டம். சுமதி தூளிக்கட்டோடு பஸ்ஸில் வந்தாள், கூட அண்ணன்காரன். சுதாகர் தனியாக வந்தான். முழுகி எழுந்தான். இந்த வெயிலில் அவனுக்குப் பல் கிட்டியது. ஒரு படி ஏறினான், சுமதியின் கட்டைப் பார்த்தான், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சன்னதிக்கே போகவில்லை.

"செப்தானு சார்... சொல்லிடறேன். இதே கோளாறோட இன்னும் நாலு வண்டி வந்துச்சு. பிரேக்குக்கு காத்து இழுக்கற பம்பு சூடானா நின்னுடுது. கோளாறு இல்லன்னு எழுதுன்னு மேல இருந்து சொன்னாங்க. அம்மா, மன்னிச்சிடும்மா. எங்க வேணா வந்து சொல்றேன்."

அண்ணன்காரன் தலையைத் தொங்கப்போட்டான். சுமதி என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள். என் பக்கம் வரக் காலும் எடுத்து வைத்தாள். பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

ஆனால் தலைக்குள் ஒன்றே ஒன்று. நாலு வண்டி. தெரிந்துதானே எழுதிக் கொடுத்தான்? அறைந்தேன். படியில் விழுந்தான். மிதித்தேன். புருவம் கல்லில் பட்டுப் பிளந்தது. படியெல்லாம் ரத்தம். அவன் தடுக்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் வெறி ஏற்றியது. யார் யாரோ இழுத்தார்கள். எப்போது விட்டேன், தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் சுமதி இல்லை. பஸ் ஏறிவிட்டாளாம்.

மே 21, புதன்

கோடைமழை. காற்றில் மாங்காயெல்லாம் கீழே.

கம்பெனியிலிருந்து போன். தப்பை ஒத்துக்கொண்டார்கள், வேறு வண்டி தருகிறார்கள். டாக்டருக்கும் அப்படியே. புருவத்தில் தையலோடு சுதாகரே போய் எல்லாவற்றையும் சொன்னானாம். என் மேல் கேஸும் கொடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன்!

நண்பனின் காரில் பிச்சாட்டூர். மல்லிப்பூ வாங்கிக்கொண்டேன். சுமதி வாசலுக்கு வந்தாள்.

"வண்டி மேலதான் தப்புன்னு ஒத்துக்கினாங்கடி."

"தெரியும். என் காதாலயே கேட்டேனே."

"அப்புறம் இன்னா? கெளம்பு."

"அந்தாளு உண்மைய சொல்லிட்டான். சொன்னப்புறம்தான் அட்ச்சீங்க."

 கோவத்தில் அடித்துவிட்டேன் என்றேன்.  கூட்டிப்போகலாம் என்று கையைப் பிடிக்கத்தான் கை நீட்டினேன். கட்டில்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.