அப்பா தன் பெயரைத் தானே கொடுத்தார்

யாக்கிமா,
மார்ச் முதல் வாரம்

அன்பு மகள் கோரினுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு, ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அலாஸ்காக் கடலில் நீயும் உன் கப்பலும் பத்திரமாக இருக்க ஜெபிக்கிறேன்.

பதறாமல் படி. ஆப்பிள் அறுவடை முடிந்ததிலிருந்து அப்பாவுக்குப் பழைய மனச்சோர்வு திரும்பிவிட்டது, சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. போன வாரம் ஆணி வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். "லோர்னா, துப்பாக்கிக் கடை வாசல்ல வண்டிய நிறுத்திட்டேன். உள்ள போகல. அடுத்த தடவ எப்படியோ தெரியல" என்றார். அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அன்றே டாக்டரிடம் போனோம். வேட்டைத் துப்பாக்கிகளைப் பக்கத்துத் தோட்டத்து ஆர்லோ எடுத்துப்போய்த் தன் வீட்டில் பூட்டி வைத்தார். ஒருவர் தானாகவே நீதிமன்றத்தில் பெயர் கொடுத்துவிட்டால் நம் மாநிலத்தில் எந்தக் கடையும் அவருக்குத் துப்பாக்கி விற்க முடியாது என்று டாக்டர்தான் சொன்னார்.

மறுநாள் முகம் மழித்து, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரே நீதிமன்றத்துக்குக் கிளம்பினார், வண்டியை நான் ஓட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்து, "யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா, மிஸ்டர் ஹாஸ்கெல்?" என்றாள். "இவளா? வண்டி நிறுத்த இடம் தேடவே இவளுக்கு நேரம் போதல" என்றார் அப்பா. எத்தனை மாதம் கழித்து ஒரு கிண்டல்! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பின்னால் அவர் மனம் மாறி இதை ரத்து செய்ய வந்தால் யாருக்குத் தகவல் சொல்லலாம் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் வாயெடுப்பதற்குள் அப்பா உன் பெயரைச் சொன்னார். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். "நீ அழுவ, நான் உன்னச் சமாதானப்படுத்திட்டுப் போயிருவேன். கோரின் திட்டுவா. அவ திட்டினா நான் நிப்பேன்" என்றார்.

முழுக்கத் தேறிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன், மாத்திரை சாப்பிடுகிறார், நேற்று சூப் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கரையில் இறங்கினால் போனைத் திறந்தே வை, தெரியாத எண்ணானாலும் எடு. இந்த ஞாயிறு நீயே அவரைக் கூப்பிடு. தலையில் தொப்பி இல்லாமல் குளிரில் கிளை வெட்டுகிறார், அதற்காக நன்றாகத் திட்டு.

ஆண்டவர் உன்னை அலைமேல் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா