ஒதுக்கிய பெஞ்சுகள்

அண்ணா,

ஒரு விசித்திரம் கேள். அரசுப் பள்ளிகளுக்கு பெஞ்சு செய்யும் டெண்டரை எடுத்த பெரிய கம்பெனி, நம்மைப் போன்ற வெல்டிங் பட்டறைகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. அவர்களுடைய இன்ஜினியர் நேற்று ஐயம்பேட்டையில் நம் பட்டறைக்கே வந்துவிட்டார்.

நான் துடைத்து வைத்திருந்த புது பெஞ்சை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க வேணாம்னு ஒதுக்கினதைக் காட்டுங்கம்மா" என்றார். இப்படியும் ஒருவர் கேட்பாரா?

பின்கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். வெல்டிங் சரியில்லை என்று நீ சாக்பீஸில் கோடு போட்டு ஒதுக்கிய பெஞ்சுகள் அப்படியே கிடக்கின்றன. இவற்றையும் விற்றுவிடலாம் என்று நான் சண்டை போட்டதால்தானே நீ பட்டறையை விட்டுப் போனாய்.

"இதை வெளியே அனுப்பாத பட்டறைதான் எங்களுக்கு வேணும்" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "எல்லாம் துரு பிடிச்சிருக்குது. இந்த வருஷம் ஒண்ணுகூட ஒதுக்கலியா?"

திங்கட்கிழமை மறுபடி வருகிறார்.

சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன்; கோடு போட நீதான் வர வேண்டும்.

பட்டறையிலிருந்து,
உன் தங்கை