உன் பேரைச் சொல்லி நான் கேட்ட சீட்டு

என்னைக் குமாரு என்று கூப்பிட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் பரிமளா அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை வருகிறது. நீ போய் ஏழு வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். சுமதிக்கு மட்டும் முட்டிவலி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், அந்தப் படியைச் செங்குத்தாகக் கட்ட வைத்தது நான் என்பதால்.

உன் மகள் நிவி உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள். சிரிப்பு மட்டும் உன்னுடையதுதான். பட்டுக்கடையில் நீ ஒரு புடவையை உதறி விரிக்கும்போது, வாங்க வந்தவர்களுக்கு முன்னால் நீயே ஒரு தடவை ரசித்துச் சிரிப்பாயே, அதே சிரிப்பு. மஞ்சள் காமாலையில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினொரு வயசுப் பிள்ளையை என் கையில் பிடித்துக் கொடுத்தாய். அவள் அப்பா வேறு குடும்பம் என்று திருப்பூர் போய் அதற்குள் நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து தாய்மாமன் நானும் அத்தை சுமதியும்தான் அவளுக்கு வீடு.

இந்த வருஷம் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். மற்றவர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நான் செய்த தப்பும் நாலு பேர் அறியச் செய்ததுதான்.

நான் இன்னும் அதே ரைஸ் மில்லில்தான் மெஷின் பார்க்கிறேன். நிவி ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள், "மாமா, வண்டு வுழுந்த அரிசி ஒரு கைப்பிடி கொண்டாங்க" என்றாள். முதலாளி காதில் விழுந்தால் என்ன ஆவது? அவர் மில்லில் வண்டு இருக்கிறது என்று நானே சொன்ன மாதிரி ஆகாதா? டிபன் பாக்ஸில் ஒளித்துத்தான் கொண்டுவந்தேன்.

அதன்பிறகு எங்கள் சமையலறை ஜன்னலில் ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. ஒன்றில் பச்சரிசி, ஒன்றில் புழுங்கல், ஒன்றில் காய்ந்த மிளகாய் போட்டது, ஒன்றில் வேப்பிலை போட்டது. எல்லாவற்றிலும் எண்ணி எண்ணி வண்டு விட்டாள். வாரத்துக்கு ஒரு நாள் கொட்டி எண்ணி நோட்டில் எழுதுவாள். தொட்டால் வண்டு காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். "நடிக்குது மாமா, கொஞ்சம் பொறுங்க" என்பாள். நானும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். மெல்ல ஒரு கால் அசையும். உனக்கு அருவருப்பாக இருந்திருக்குமா, சிரித்திருப்பாயா? தெரியவில்லை.

பிளஸ் டூ போனதும் அவளுடைய டீச்சர் ஒருவர், பெங்களூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் தேடி எடுக்கிறார்கள் என்று சொல்லி விண்ணப்பம் போட வைத்தார். படிப்பு, தங்குவது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். பிடித்த ஒரு விஷயத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். வேப்பிலை போட்ட பாட்டிலில் வண்டு பெருகவே இல்லை என்று நாலு பக்கம் எழுதினாள். பெற்றோர் விவரம் கேட்ட கட்டத்தில் உன்னைப் பற்றி நிரப்பியதோடு சரி. அந்த நாலு பக்கத்தில் நீ இல்லை. ஏம்மா என்று கேட்டேன். "வண்டைப் பத்தி எழுதும்போது வண்டைப் பத்தித்தானே எழுதணும்" என்றாள்.

போனில் முகம் பார்த்து நேர்காணலும் நடந்தது. முடிந்து வெளியே வந்தவள் முகத்தில் உன் சிரிப்பு. "வண்டு ஏன் நடிக்குதுன்னு கேட்டாங்க மாமா. தெரியலன்னு சொன்னேன். அப்புறம் அதைப் பத்தியே பேசிகினு இருந்தோம்."

சீட்டு கிடைத்த மாதிரியே எனக்குத் தோன்றிவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த வாரம் பதில் வந்தது. மூன்று தடவை படித்தாள். "இல்லன்னு சொல்லல மாமா. ஆமான்னும் சொல்லல. முடிவைத் தள்ளி வெச்சிருக்காங்க. பிளஸ் டூ மார்க் வந்ததும் மறுபடி பாப்பாங்களாம். நடுவுல புதுசா சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதலாமாம்."

இல்லை என்றிருந்தால் அழுது இரண்டு நாளில் எழுந்திருப்பாள். ஆமாம் என்றிருந்தால் தெருவுக்கே ஜிலேபி கொடுத்திருப்பேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டீக்கடையில் "பெங்களூர் சீட்டு என்னாச்சுப்பா?" என்று கேட்டார்கள். கிடைத்தது என்றும் சொல்ல முடியாது, கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

நிவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை, புத்தகம் ஒரே பக்கத்தில் திறந்து கிடக்கும். பாட்டில்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பாட்டிலின் மூடித்துணி அவிழ்ந்து, வண்டெல்லாம் சுமதியின் அரிசி டிரம்முக்குள் குடிபோய்விட்டது. வேறு நாளாயிருந்தால் சுமதி வீட்டை இரண்டாக்கியிருப்பாள். அன்று முறத்தை எடுத்துப் புடைக்க உட்கார்ந்தாள். சாப்பாடு வேண்டாம் என்ற நிவியிடம், "அவங்க தள்ளி வெச்சது முடிவைத்தான், சோத்தை இல்ல. வந்து உக்காரு" என்றாள். உட்கார்ந்தாள்.

பொறுக்க முடியாமல் போனது எனக்குத்தான் அக்கா.

ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிற அம்மா நன்றாக இங்கிலீஷில் டைப் அடிப்பார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். இது தாயில்லாத பெண், தகப்பனும் விட்டுப் போய்விட்டார், இந்தச் சீட்டு கிடைக்காவிட்டால் உடைந்துபோவாள், பெரிய மனசு பண்ண வேண்டும் என்று சொன்னேன். நீ கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக்கூடச் சொன்னேன். உன் இறப்புச் சான்றிதழையும் ஸ்கேன் பண்ணி வைத்தேன். டைப் அடித்த அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. வேலை செய்யும் என்று நினைத்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அதோடு நிற்காமல் டீக்கடையிலும் போய், தாயில்லாத பிள்ளை என்று எழுதிப் போட்டிருக்கிறேன், கட்டாயம் கொடுப்பார்கள் என்று சொல்லி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிவி சைக்கிளில் மில்லுக்கே வந்துவிட்டாள். அவள் அங்கே வந்ததே இல்லை. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, நெல் காயவைக்கும் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் மாமாவின் கடிதம் உங்கள் விண்ணப்பத்தோடு சேர்க்கப்பட்டது என்று அவளுக்கு மெயில் வந்திருந்தது.

"அம்மா சர்டிபிகேட்ட அனுப்புனீங்களா?"

"ஆமா பாப்பா. உன் நல்லதுக்குத்தான்."

"நான் கேட்டேனா?"

வெயிலில் நின்றுகொண்டு அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஸ்கூல்ல பேச்சுப் போட்டியில ஜெயிச்சா, பாவம் அம்மா இல்லாத பொண்ணும்பாங்க. மார்க் வாங்குனாலும் அதேதான். நான் யாருன்னே தெரியாதவங்க இவங்க ஒருத்தர்தான் மாமா. என்கிட்ட வண்டைப் பத்தி மட்டும் கேட்டாங்க. அங்கயும் போயி சொல்லிட்டீங்களே."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் நாலு நாள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. டீயைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். சுமதியைத் தூது போகச் சொன்னேன். "நான் நடுவுல வரமாட்டேன். நீங்க பண்ணதுக்கு நீங்களே போய்க் கேளுங்க" என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் சமையலறையில் நிவி பாட்டில்களைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "தப்பு பண்ணிட்டேன் நிவி. உன்னைக் கேக்காம உங்கம்மாவை எடுத்துகினு போய் யார் யார் கிட்டயோ காமிச்சிட்டேன். மன்னிச்சுடு."

துணியை வைத்தாள். "சரி. உக்காருங்க மாமா. அவங்களுக்கு ஒண்ணு எழுதிகினு இருக்கேன், கேளுங்க."

இங்கிலீஷில் எழுதியதை எனக்காகத் தமிழில் சொன்னாள். என் மாமா அன்பினால் அனுப்பியது அது, தயவுசெய்து அதை என் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று முதலில் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்து, நான் முன்பு எழுதிய நாலு பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தாள். முந்தின நாள் பாட்டில்களைக் கழுவ எடுக்கும்போதுதான் கவனித்தாளாம். வேப்பிலை பாட்டில் எப்போதும் ஜன்னல் ஓரக் கடைசியில், மத்தியான வெயில் நேராக விழும் இடத்தில் இருந்திருக்கிறது. வண்டு பெருகாததற்குக் காரணம் வேப்பிலையா, வெயிலா?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, அவங்களே கொடுக்கலாமா வாணாமான்னு யோசிச்சிகினு இருக்காங்க. நீயே போயி தப்புன்னு சொல்றியா?"

"தப்புன்னா தப்புதானே மாமா. இடத்தை மாத்தி வெச்சு மறுபடி ஆரம்பிக்கப் போறேன். இன்னும் தெரியலன்னு எழுதுறேன். அவங்களும் எனக்கு அப்படித்தானே எழுதியிருக்காங்க."

அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை லேசானாள். காலையில் பாட்டில், பிறகு பாடம். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோகிற அளவுக்கு வந்துவிட்டாள். பரீட்சை எழுதினாள். வேலூர் காலேஜில் விலங்கியலுக்கும் விண்ணப்பம் போட்டாள். அதைப் போடும்போது என்னைக் கூப்பிட்டு, "பாத்துக்கங்க, இதுலயும் யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது" என்றாள். சுமதி சிரித்துவிட்டாள். நானும்தான்.

மார்க் நன்றாக வந்தது. பத்து நாள் கழித்துப் பெங்களூர் பதில் வந்தது. இந்தத் தடவை தெளிவாக இருந்தது. இல்லை.

படித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் அழுதது கேட்டது. அரைமணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "பேஜார் முடிஞ்சுது மாமா. வேலூருக்குப் பஸ் பாஸ் எடுக்கணும்" என்றாள்.

கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கடிதத்தை நீ எடுக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று கேட்டேன்.

"கிடைச்சிருக்கலாம்" என்றாள். "ஆனா அது வண்டுக்காகவா, அம்மாவுக்காகவான்னு தெரியாம நாலு வருஷம் அங்க உக்காந்துகினு இருந்திருப்பேன்."

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் அக்கா? என்னை மாதிரி ஓடியிருப்பாயா, சுமதி மாதிரி முறத்தோடு உட்கார்ந்திருப்பாயா? பலநாள் யோசித்துவிட்டேன், விடை தெரியவில்லை.

இப்போது தினமும் காலையில் வேலூர் பஸ் ஏறுகிறாள். கண்ணமங்கலம் தாண்டியதும் தூங்கிவிடுவாளாம், வேலூர் வந்ததும் கண்டக்டரே எழுப்பிவிடுகிறாராம். காலேஜ் லேபில் ஒரு மேடம் பாட்டில் வைத்துக்கொள்ள அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். சுமதிக்கு அதில் என்னைவிடச் சந்தோஷம். வேப்பிலைக்குக் கொஞ்சம் பலன் இருக்கிறதாம், வெயிலுக்குத்தான் நிறைய இருக்கிறதாம். டீக்கடையில் கேட்டார்கள். பெங்களூரில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், வேலூரில் படிக்கிறாள் என்றேன். அவ்வளவுதான். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். பேனாவோடு உட்கார்ந்து படித்தாள். நீ கடைசி நாளில் சொன்னதை நான் எழுதியிருந்த ஒரு பத்தியை அடித்துவிட்டு, "இது எனக்கும் உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும்" என்றாள். மற்றதை எல்லாரும் படிக்கட்டும் என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. இனி உன் மகளுக்காக எந்தக் கதவைத் தட்டுவதாக இருந்தாலும், தட்டட்டுமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் தட்டுவேன். வேண்டாம் என்றால், அவள் திரும்பி வரும்வரை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன்.

நிவியின் தாய்மாமன்,
உன் தம்பி குமாரு