உளுத்த தூண்கள்

பெர்னிக், நவம்பர் 1998

அன்புள்ள ரங்கெல்,

ஒரு வருடமாக எழுதவில்லை. அரசாங்கச் சுரங்கத்தில் நாம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். அரசு அந்தச் சுரங்கத்தை விற்று, நான் வாங்கியதும் எல்லாரும் என்னை முதலாளி என்றார்கள். நீ மட்டும், "டேய், தூணெல்லாம் உளுத்துப்போச்சுடா, முதல்ல மாத்து" என்றாய். என் புது வீட்டுக் கூரை முடியட்டும் என்றேன்.

மண் சரிந்தது. உன் தம்பி பிளாமென் அதற்கடியிலேயே போய்விட்டான்.

விசாரணையில் நீ, "விறகுக்காக என் தம்பிதான் தூணை உருவினான்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாய். அதன்பின் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவன் கல்லறைக்கு நான் அனுப்பிய பளிங்கைத் திருப்பிவிட்டாய். புரிகிறது.

வியாழக்கிழமை அதிகாரிகள் மறுபடி வருகிறார்கள். அன்று சொன்னதையே இன்னொரு தடவை சொல்லிவிடு.

இன்னமும் உன் நண்பன்